இணையக் கலைக்களஞ்சியமும் நாட்டு வரலாறும்: ஒரு மாணவனின் ஆய்வு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. வேதியியல்)

முன்னுரை

அறிவு ஒரு காலத்தில் ஓலையில் இருந்தது. பின்னர் அச்சுப் புத்தகத்தில் இருந்தது. இன்று சட்டைப் பையில் இருக்கும் கைப்பேசியில் இருக்கிறது. நூலகப் படி ஏறாத மாணவர் நம்மில் சிலர் இருக்கலாம். ஆனால் இணையக் கலைக்களஞ்சியத்தைத் திறந்து பார்க்காத மாணவர் ஒருவரும் இரார். கட்டுரைப் போட்டியா, கருத்தரங்கா, மறுநாள் தேர்வா, எதுவானாலும் நம் கை முதலில் செல்வது அங்கேதான். அங்கு எழுதப்பட்டிருப்பதை எவ்வளவு நம்பலாம்? எப்படிச் சோதித்துப் பார்க்கலாம்? இக்கேள்விகளுக்கு விடை தேட நான் செய்த சிறு முயற்சியே இக்கட்டுரை.

நான் வரலாற்று மாணவன் அல்லன், வேதியியல் படிப்பவன். இவ்வாய்வில் நான் இறங்கியதற்குக் காரணம் ஒரு பிழை. அப்பிழையைச் செய்தவனும் நானே. ஆகவே அதை முதலில் சொல்லிவிடுவது முறை.

பரிசு பெற்ற பிழை

விடுதலை நாளையொட்டி நடந்த பேச்சுப் போட்டி ஒன்றில் 1930ஆம் ஆண்டின் வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்தைப் பற்றிப் பேசினேன். எனக்கு அது சொந்த ஊர்ச் செய்தி. என் தந்தையார் வேதாரண்யம் பக்கத்து உப்பளத்தில் உப்பு வாரும் தொழிலாளி. அகஸ்தியம்பள்ளியில் நிற்கும் சத்தியாகிரக நினைவுத் தூணைக் கடந்துதான் சிறுவயதில் பள்ளிக்குச் சென்றேன். ஆயினும் பேச்சுக்கு வேண்டிய ஆண்டு, நாள், தொலைவு ஆகியவற்றையெல்லாம் இணையக் கலைக்களஞ்சியத்தில் இந்திய விடுதலைப் போராட்டம் பற்றிய நீண்ட கட்டுரை ஒன்றிலிருந்தே எடுத்துக்கொண்டேன். “திருச்சியிலிருந்து 240 மைல் நடந்தார்கள்!” என்று மேடையில் முழங்கினேன். கைதட்டல் எழுந்தது. இரண்டாம் பரிசும் கிடைத்தது.

கூட்டம் கலைந்தபின் வரலாற்றுத் துறைப் பேராசிரியர் ஒருவர் என்னை அருகில் அழைத்து, “தம்பி, பேச்சு நன்றாக இருந்தது. ஏப்ரல் 13இல் புறப்பட்டவர்கள் 28இல் வந்து சேர்ந்தார்கள் என்றும் நீங்களே சொன்னீர்கள். அத்தனை நாளில் 240 மைல் நடக்க முடியுமா? வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டுப் பாருங்கள்” என்றார்.

அன்றிரவே கணக்குப் போட்டேன். இரு நாள்களையும் சேர்த்து எண்ணினால் 16 நாள். நாளொன்றுக்கு 15 மைல். சித்திரை வெயிலில், ஊர்தோறும் கூட்டம் பேசிக்கொண்டு, நூறு பேர் நாள்தோறும் 15 மைல் நடப்பது எளிதா? காந்தியடிகளின் தண்டிப் பயணத்தோடு ஒப்பிட்டேன். அது 1930 மார்ச் 12இல் சபர்மதியில் தொடங்கி ஏப்ரல் 5இல் தண்டியை அடைந்தது. 25 நாளில் ஏறத்தாழ 240 மைல். நாளொன்றுக்குப் பத்து மைலுக்குச் சற்றுக் குறைவு. வேதாரண்யப் பயணத்தின் தொலைவோ ஏறத்தாழ 150 மைல் என்று நூலகத்தில் பார்த்த புத்தகங்கள் கூறின. 150ஐ 16ஆல் வகுத்தால் அதுவும் பத்து மைலுக்குச் சற்றுக் குறைவு. இரு பயணங்களும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் நடந்திருக்கின்றன!

அப்படியானால் 240 எங்கிருந்து வந்தது? 150 மைல் என்பது 240 கிலோமீட்டர். எண் சரி, அலகு தவறு. தண்டிப் பயணமும் 240 மைலாக இருந்ததனால், படித்த யாருக்கும் ஐயம் எழவில்லை. எனக்கும் எழவில்லை.

பரிசுச் சான்றிதழைவிட என்னை உறுத்தியது வேறொன்று. எங்கள் தெருவில் மாலை வேளைகளில் பள்ளிப் பிள்ளைகள் சிலருக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். அவர்களும் அந்த எண்ணைத் தங்கள் நோட்டுகளில் எழுதியிருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். வீட்டில் நான் சொன்னதைச் சரியா தவறா என்று பார்ப்பதற்கு ஒருவரும் இல்லை. படித்த பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. படித்த குடும்பத்துப் பிள்ளை தவறு செய்தால் தந்தை திருத்துவார், தமக்கை திருத்துவாள். என் தவறோ திருத்துவாரின்றித் தெரு முழுவதும் பரவும். ஆகவேதான் அக்கட்டுரை முழுவதையும் சோதித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

கலைக்களஞ்சியம்: அன்றும் இன்றும்

தமிழுக்குக் கலைக்களஞ்சிய மரபு புதிதன்று. ஆ. சிங்காரவேலு முதலியாரின் ‘அபிதான சிந்தாமணி’ 1910இல் வெளிவந்தது. தமிழ் வளர்ச்சிக் கழகம், ம. ப. பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு ‘கலைக்களஞ்சியம்’ என்ற பெயரில் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளை வெளியிட்டது. இவற்றில் பிழை இருந்தால் பொறுப்பேற்க ஆசிரியர் இருந்தார். ஆனால் அடுத்த பதிப்பு வரும்வரை பிழை அப்படியே நிற்கும்.

இணையக் கலைக்களஞ்சியத்தின் அமைப்பு வேறு. யாவரும் அறிந்த விக்கிப்பீடியா 2001ஆம் ஆண்டு ஜனவரி 15இல் தொடங்கியது. தமிழில் 2003இல் தோன்றியது. அங்கு எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம். பிழை ஒரு நொடியில் புகும். ஒரு நொடியில் நீங்கவும் கூடும். 2005இல் ‘நேச்சர்’ என்னும் அறிவியல் இதழ் 42 அறிவியல் கட்டுரைகளை வல்லுநரிடம் கொடுத்துச் சோதித்தது. கட்டுரைக்குச் சராசரியாக விக்கிப்பீடியாவில் நான்கு பிழைகளும் பிரிட்டானிக்காவில் மூன்று பிழைகளும் காணப்பட்டன என்று அது எழுதியது. பிரிட்டானிக்கா நிறுவனம் இம்முடிவை மறுத்தது. இரண்டு செய்திகளை நாம் மனத்தில் கொள்ள வேண்டும். அச்சுக் களஞ்சியமும் பிழைக்கு விலக்கன்று என்பது ஒன்று. அச்சோதனை அறிவியல் கட்டுரைகளைப் பற்றியது, வரலாற்றைப் பற்றியதன்று என்பது மற்றொன்று. நீரின் கொதிநிலையைப் பற்றிச் சண்டை வருவது அரிது. நாட்டு வரலாற்றைப் பற்றி வராத நாள் அரிது.

நல்ல கட்டுரைக்கு ஆங்கில விக்கிப்பீடியாவினர் ஆறு இலக்கணங்களை வகுத்துள்ளனர்: தெளிவான நடை, சரிபார்க்கத்தக்க சான்று, பொருட்பரப்பு, நடுநிலை, நிலைத்தன்மை, பொருத்தமான படங்கள். இவற்றுள் சான்று, பரப்பு, நடுநிலை, நிலைத்தன்மை என்னும் நான்கை நான் எடுத்துக்கொண்டேன். நான் ஆராய்ந்த கட்டுரை எந்தக் களத்தில் உள்ளது என்பதை இங்குக் கூறவில்லை. ஒரு பக்கத்தைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. எந்தப் பக்கத்துக்கும் பொருந்தும் சோதனைமுறையை அறிவதே நோக்கம்.

முதற் சோதனை: சான்று

ஆய்வகத்தில் உப்புப் பகுப்பாய்வு செய்யும்போது நிறத்தைப் பார்த்தவுடன் பெயரை எழுதிவிட்டால் ஆசிரியர் ஏற்பதில்லை. முன்சோதனைக்குப் பின் உறுதிச் சோதனை செய்தாக வேண்டும். வரலாற்றுக் கட்டுரையில் உறுதிச் சோதனை என்பது அடிக்குறிப்பைத் தொடர்ந்து சென்று மூலத்தைப் பார்ப்பது.

ஒரு வாக்கியத்தின் முடிவில் சிறிய எண் இருக்கிறது என்பதே சான்று ஆகிவிடாது. அவ்வெண் காட்டும் நூலில் அச்செய்தி உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 240 மைலுக்கும் ஓர் அடிக்குறிப்பு இருந்தது. அது போட்டித் தேர்வுக் கைநூல் ஒன்றைச் சுட்டியது. மேலும் தேடியபோது வேறு பல இணையப் பக்கங்களிலும் அதே 240 மைல் இருந்தது. இத்தனை பேர் சொல்வது தவறாகுமா என்று ஒரு கணம் தடுமாறினேன். பிறகு சொற்களை ஒப்பிட்டுப் பார்த்தேன். எல்லாவற்றிலும் வாக்கியம் ஒன்றே, காற்புள்ளிகூட மாறவில்லை. ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதியிருக்கிறது. கைநூலும் அதே வாக்கியத்தை எடுத்தாண்டு, பின்னர் அதே கட்டுரைக்குச் சான்றாகத் திரும்பி வந்திருக்கிறது!

தரம்பார்த்தலில் மூன்று அளவீடுகள் ஒத்து வந்தால் மகிழ்கிறோம். ஆனால் பியூரெட்டின் அளவுக்கோடுகளே தவறாக இருந்தால், மூன்று அளவீடுகளும் ஒத்து வரும். மூன்றும் தவறாகவே இருக்கும். ஒற்றுமை வேறு, உண்மை வேறு. ஒன்றையொன்று சாராத இரண்டு சான்றுகள், ஒன்றையொன்று பார்த்து எழுதிய இருபது சான்றுகளைவிட மேலானவை.

இதே கட்டுரையில் மற்றொரு பிழையும் கண்டேன். ஜாலியன்வாலா பாக்கில் சுட்ட ஜெனரல் டயரை உத்தம் சிங் லண்டனில் சுட்டுக் கொன்றார் என்று எழுதப்பட்டிருந்தது. மேடைகளில் பலமுறை கேட்ட செய்திதான். உண்மை அதுவன்று. சுடுமாறு ஆணையிட்ட ரெஜினால்டு டயர் 1927இலேயே நோயுற்று இறந்துவிட்டார். 1940 மார்ச் 13இல் லண்டன் காக்ஸ்டன் மண்டபத்தில் உத்தம் சிங்கின் குண்டுக்கு இரையானவர், படுகொலையின்போது பஞ்சாபின் துணைநிலை ஆளுநராக இருந்து டயரின் செயலை ஆதரித்த மைக்கேல் ஓடுவையர். பெயரின் ஒலி ஒத்திருந்ததனால் இருவர் ஒருவராகிவிட்டனர்.

இரண்டாம் சோதனை: நடுநிலை

நடுநிலை என்றால் இரு தரப்பையும் சமமாகப் புகழ்வதோ சமமாக இகழ்வதோ அன்று. யார் என்ன சொன்னார்கள் என்பதை அவரவர் பெயரோடு சொல்வதே நடுநிலை.

ஜாலியன்வாலா பாக்கையே எடுத்துக்கொள்வோம். 1919 ஏப்ரல் 13இல் அங்கு மாண்டவர் எத்தனை பேர்? கட்டுரை “ஆயிரக்கணக்கானோர்” என்றது. அரசு அமைத்த ஹண்டர் குழு ஏற்ற எண்ணிக்கை 379. காங்கிரசு அமைத்த விசாரணைக் குழுவின் மதிப்பீடு ஏறத்தாழ ஆயிரம். சுடப்பட்ட குண்டுகள் 1,650 என்பது டயரின் தரப்பிலிருந்தே வந்த கணக்கு. இம்மூன்று எண்களையும், எது யாருடையது என்று குறித்து எழுதினால் போதும். எந்த உரிச்சொல்லும் வேண்டியதில்லை. “ஆயிரக்கணக்கானோர்” என்று பெருக்கிச் சொல்வது மாண்டவர்க்குப் பெருமை சேர்க்காது. நாளை ஒருவர் அது பொய் என்று காட்டிவிட்டால், மெய்யான கொடுமையையும் மக்கள் ஐயுறத் தொடங்குவார்கள்.

பெயரிடுதலிலும் நடுநிலை தேவை. 1857ஆம் ஆண்டு நிகழ்ச்சியை ஆங்கிலேய ஆசிரியர் ‘சிப்பாய்க் கலகம்’ என்றனர். சாவர்க்கர் 1909இல் வெளியிட்ட நூலில் அதனை விடுதலைப் போர் என்றார். நூற்றாண்டு நிறைவான 1957இல் நூல்கள் எழுதிய ஆர். சி. மஜும்தார், எஸ். என். சென் ஆகிய வரலாற்றறிஞர்கள் அப்பெயரை அப்படியே ஏற்கவில்லை. நான் பார்த்த கட்டுரை ‘முதல் விடுதலைப் போர்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. அப்பெயர் பொருந்தும் என்பதே என் சொந்தக் கருத்தும்கூட. ஆயினும் கலைக்களஞ்சியம் என் கருத்தை எழுதும் இடமன்று. பெயரைப் பற்றி வழக்கு உண்டு என்பதே வாசகர் அறிய வேண்டிய முதற் செய்தி.

மூன்றாம் சோதனை: பரப்பு

எழுதியிருப்பதில் பிழை காண்பது எளிது. எழுதாமல் விட்டதைக் காண்பது அரிது. சுடர்ச் சோதனையில் சோடியத்தின் மஞ்சள் ஒளி மிகப் பெரிதாக எழும். அதனருகில் பொட்டாசியம் இருந்தாலும் அதன் மெல்லிய ஊதா நிறம் கண்ணுக்குத் தெரியாது. நீலக் கண்ணாடி வழியே பார்த்தால்தான் தெரியும். நாட்டு வரலாற்றிலும் பெருந்தலைவர்களின் ஒளியில் பிறர் மறைந்துவிடுகிறார்கள்.

அக்கட்டுரையில் 1857க்கு நீண்ட பகுதி இருந்தது. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் புதிய தலைப்பாகையையும், சமயக் குறிகளுக்கும் தாடிக்கும் விதித்த தடையையும் எதிர்த்துச் சிப்பாய்கள் எழுந்த நிகழ்ச்சிக்கு ஒரு வரியும் இல்லை. 1799இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட கட்டபொம்மனும், 1801இல் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்ட மருது சகோதரர்களும் இல்லை. உப்புப் போராட்டத்தில் 1930 மே 21இல் தாராசனாவில் தொண்டர்களுக்குத் தலைமை தாங்கிய சரோஜினி நாயுடு ஒரு படத்தின் அடியில் பெயராக மட்டும் நின்றார். வேதாரண்யப் போராட்டத்தில் சிறை சென்ற ருக்மிணி லட்சுமிபதி எங்கும் இல்லை.

முடிவிலும் ஒரு குறை. 1947 ஆகஸ்ட் 15இல் நாடு முழுவதும் அன்னியர் பிடியிலிருந்து விடுபட்டதாகக் கட்டுரை நிறைவுற்றது. பிரெஞ்சுக்காரரிடம் இருந்த புதுச்சேரியும் காரைக்காலும் 1954 நவம்பர் 1இல்தான் நடைமுறையில் இந்தியாவின் கைக்கு வந்தன. சட்டப்படியான மாற்றம் 1962இல் நிறைவேறியது. போர்த்துக்கேயரிடம் இருந்த கோவா 1961 டிசம்பரில்தான் சேர்ந்தது. எங்கள் மாவட்டத்தை அடுத்துள்ள காரைக்காலே வரலாற்றில் விடுபட்டுப் போனதை எண்ணி வியந்தேன்.

நான்காம் சோதனை: நிலைத்தன்மை

இணையக் கலைக்களஞ்சியத்தில் அச்சுப் புத்தகத்துக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. கட்டுரையின் ஒவ்வொரு மாற்றமும் நாள், நேரத்தோடு பதிவாகிறது. ‘வரலாறு’ என்னும் பொத்தானை அழுத்தினால் பழைய வடிவங்களையெல்லாம் காணலாம். ‘பேச்சு’ என்னும் பக்கத்தில் எழுதியோர் நடத்திய வாதங்களைப் படிக்கலாம். கட்டுரையைப் படிப்போர் பலர். இவ்விரு பக்கங்களையும் படிப்போர் மிகச் சிலர்.

பழைய வடிவங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். முதலில் எழுதியவர் “150 மைல், அதாவது 240 கிலோமீட்டர்” என்று சரியாகவே எழுதியிருந்தார். பின்னர் வந்த ஒருவர் வாக்கியத்தைச் சுருக்கும்போது ஓர் எண்ணையும் மற்றோர் அலகையும் நீக்கிவிட்டார். எஞ்சியது ‘240 மைல்’. இதில் வஞ்சகம் இல்லை, கவனக்குறைவுதான். பல மாதங்கள் பலர் படித்தும் ஒருவரும் கணக்குப் போடவில்லை.

பாட்டி சொன்ன செய்தி

பிழைகளைத் திருத்தும் உரிமை எனக்கும் உண்டு என்பதால் நூலகப் புத்தகங்களின் பக்க எண்ணோடு ஒவ்வொன்றாகத் திருத்தினேன். அவை நிலைத்தன. ஆனால் நான் எழுதிய ஒன்று மட்டும் இரண்டே நாளில் நீக்கப்பட்டது.

ராஜாஜி தலைமையில் தொண்டர்கள் வந்தபோது, அவர்களுக்கு உணவோ இடமோ தருபவர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன் எச்சரித்திருந்தார். என் பாட்டி இதைச் சொல்லும் விதமே வேறு. “சோறு போடக் கூடாதுன்னு வெள்ளைக்காரன் சொல்லிட்டான். எங்க அப்பாரு அப்ப சின்னப் பையன். சோத்து மூட்டையக் கொண்டுபோய் ரோட்டோர மரத்துல கட்டிட்டு வந்துட்டாராம். மரம் போட்ட சோத்துக்கு மரத்தையா புடிச்சு உள்ள வைப்பான்?” என்று சொல்லிச் சிரிப்பார். அதை அவர் தகப்பனாரின் பெயரோடு கட்டுரையில் சேர்த்தேன். “சான்று இல்லை” என்ற குறிப்போடு யாரோ ஒருவர் நீக்கிவிட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. எழுத்தறியாத எங்கள் குடும்பத்துக்கு அடிக்குறிப்புக்கு எங்கே போவது? பேராசிரியரிடம் முறையிட்டேன். அவர் அமைதியாகச் சொன்னார்: “உங்கள் பாட்டி சொன்னது பொய் என்று அவர் சொல்லவில்லை, சரிபார்க்க வழியில்லை என்றுதான் சொல்கிறார். 240 மைலுக்கு நீங்கள் கேட்ட அதே கேள்வியைத்தான் அவர் உங்களிடம் கேட்கிறார்.”

என்னால் மறுமொழி கூற முடியவில்லை. மீண்டும் நூலகம் சென்று தேடினேன். மக்கள் உணவுப் பொட்டலங்களைச் சாலையோர மரங்களில் கட்டித் தொங்கவிட்ட செய்தி வேதாரண்யப் போராட்டத்தைப் பற்றிய நூலில் கிடைத்தது! அதைச் சான்றோடு சேர்த்தேன், இன்றுவரை நிற்கிறது. ஆனால் எங்கள் கொள்ளுத் தாத்தாவின் பெயர் எந்த நூலிலும் இல்லை. ஆகவே அது கட்டுரையிலும் இல்லை.

பாட்டி பேசியதைக் கைப்பேசியில் பதிவு செய்து, நாளும் இடமும் குறித்து வைத்துள்ளேன். அவர் 1930க்குப் பின் பிறந்தவர். கண்டதைச் சொல்லவில்லை, தந்தையிடம் கேட்டதைச் சொல்கிறார் என்பதையும் அதில் மறைக்காமல் குறித்திருக்கிறேன். யார் சொன்னது, எப்போது சொன்னது, நேரில் கண்டதா, கேட்டதா என்ற குறிப்புகளோடு இவ்வாறு சேகரித்து வைத்தால், நாளை ஆராய்வோர்க்கு அவையே மூலமாகும்.

முடிவுரை

மாணவ நண்பர்களே! இணையக் கலைக்களஞ்சியத்தைப் படிக்க வேண்டாம் என்று நான் கூறவில்லை. புத்தகம் வாங்க வசதியில்லாத என்போன்றவர்க்கு அது பெரும் பேறு. ஆனால் அது ஆய்வின் வாயிற்படி. அதுவே வீடு அன்று. ஒரு கட்டுரையைப் பயன்படுத்தும் முன் அடிக்குறிப்பைத் தொடருங்கள். ஒன்றையொன்று சாராத இரு சான்றுகளைத் தேடுங்கள். எண்ணைக் கண்டால் கணக்குப் போடுங்கள். விடுபட்டவர் யார் என்று கேளுங்கள். பழைய வடிவங்களைப் புரட்டுங்கள். பிழை கண்டால் நகைத்துவிட்டுப் போகாமல் சான்றோடு திருத்துங்கள். நம் கல்லூரி மாணவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு வாக்கியத்தைத் திருத்தினாலும் அது தமிழுக்குச் செய்யும் பெருந்தொண்டாகும். தீர விசாரிப்பதே மெய் என்பது நம் மூத்தோர் மொழி.

எங்கள் தெருப் பிள்ளைகளின் நோட்டுகளில் 240 மைலை அடித்துவிட்டு 150 மைல் என்று எழுதச் சொன்னேன். ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி நிமிர்ந்து பார்த்து, “அண்ணே, அப்ப நீங்க சொன்னது பொய்யா?” என்று கேட்டாள். “பொய் இல்லம்மா, தப்பு. சரிபார்க்காமச் சொல்லிட்டேன்” என்றேன். அவள் சற்று யோசித்துவிட்டு, “இப்பச் சொன்னதைச் சரிபார்த்தீங்களா?” என்றாள்.

பார்த்தேன் என்று சொல்ல முடிந்தது. நான் பெற்ற பரிசைவிட அந்தக் கேள்வி எனக்குப் பெரிதாகப்பட்டது.